சிக்னல் சாமியும் பின் நம்பரும்

அந்த வாரம் ரெட்டியார்பாளையத்தில் பேய் பிடித்தது மனிதர்களுக்கு அல்ல, டேப்லெட்டுகளுக்கு! புதிய அப்டேட் ஒன்று வந்தது. வந்த கையோடு வைஃபையைத் தின்றுவிட்டது. அவ்வளவுதான், ஊரே டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, பேயோட்டும் சிக்னல் சாமி வீட்டு வாசலில் நின்றது. வரிசை விழுப்புரம் ரோட்டைத் தொட்டது.

"அப்டேட்டு காத்துலதானே வருது? அமாவாசையில வந்துருக்கு. காத்து கருப்பும் கூடவே எறங்கிடுச்சு" என்றார் சாமி.

ஆகா, என்ன விஞ்ஞானம்! படித்தவர்களும் தலையாட்டினார்கள்.

வைத்தியம் இதுதான். டேப்புக்குப் பூசணிக்காய் சுற்றுவார். எலுமிச்சம்பழம் அறுப்பார். பிறகு, "பின் நம்பரை என் காதுல மட்டும் சொல்லு" என்பார். டேப்போடு திரைக்குப் பின்னால் போவார். திரும்பி வரும்போது டேப் கண்ணாடியில் குங்குமம் இருக்கும், சாமி வீட்டு வைஃபையும் பிடித்திருக்கும். காணிக்கை உண்டியலில் விழும்.

வரிசையில் சுமலதாவும் நின்றாள். பிரெஞ்சில் எம்.ஏ. படித்தவள். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவளுக்கு இப்போதுதான் ஒரு பள்ளிக்கூடம் கதவைத் திறந்திருந்தது. நாளைக் காலையில் வீடியோவில் நேர்காணல். போன் கேமரா செத்துப்போய் மாதமாகிறது, இருந்த ஒரே கதி இந்த டேப்தான். அதுவோ போன் ஹாட்ஸ்பாட்டைக்கூடப் பிடிக்க மாட்டேன் என்றது.

"என்னாடி, பிரெஞ்சு படிச்சிட்டுப் பூசணிக்காய நம்பி வந்து நிக்கிற?" என்றாள் கூட வந்த தோழி சுரையா. அவள் டேப்புக்கும் அதே நோய்தான்.

"சும்மா இருடி. வேலை கெடைக்கட்டும், அப்புறம் பகுத்தறிவு பேசிக்கலாம்."

முறை வந்தது. சுரையா முந்திக்கொண்டு தன் டேப்பை நீட்டினாள்.

"பின் நம்பரு?" காதை நீட்டினார் சாமி.

"அது எதுக்கு சாமி?"

"உள்ள இருக்கறதத் தொரத்தணும்னா கதவத் தெறக்கணும்ல?"

"பூட்டுன கதவுல பேய் பூந்துடுச்சு. ஒங்க மந்திரம் பூராதா? பூட்டோடவே ஓட்டுங்க, பாக்கலாம்."

வரிசை சிரித்தது. சாமிக்குக் கோபம் வந்தது. கற்பூரம் கொளுத்தினார், உடுக்கை அடித்தார், அரைப் பூசணிக்காய் காலியாயிற்று. சுரையா தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். டேப் அசையவில்லை.

"பொம்பள நம்பிக்கையில்லாம நிக்கிது, அதான்!" என்றார் சாமி.

"சரி, இந்தாங்க பின்னு. ஆனா தெரைக்குப் பின்னாடி வேணாம். இங்கயே, எல்லாரு முன்னாலயும்."

"ஆமா சாமி, நாங்களும் பாக்கறோம்!" என்று கத்தினார் வரிசையில் நின்ற மண்ணாங்கட்டி. கூட்டமும் கூடவே கத்தியது. மறுத்தால் மானம் போகும். சாமி வாயில் மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே விரலை நகர்த்தினார். சுரையா கிரிக்கெட் வர்ணனை மாதிரி உரக்கப் படித்தாள்.

"செட்டிங்ஸ் போறாரு... ரீசெட்டு... நெட்வொர்க்க அமுக்கிட்டாரு! பழசெல்லாம் அழிஞ்சிடுச்சு. இப்ப என்கிட்ட பாஸ்வேர்டு கேக்குது."

ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை அடித்தாள். வைஃபை வந்தது.

"பாத்தீங்களா மந்திர சக்திய?" என்றார் சாமி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"இருங்க சாமி. சுமா, மந்திரமில்லாம நீ அமுக்கு."

சுமலதா தன் டேப்பில் அதே இடங்களை அழுத்தினாள். பாஸ்வேர்டு போட்டாள். சின்ன விசிறி மாதிரி வைஃபை குறி மேலே எழுந்து நின்றது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்திலா, வெட்கத்திலா? இரண்டும்தான். "எம்.ஏ. படிச்சிருக்கேன்டி நான்!" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

வரிசை கலைந்து கொதித்தது. "இந்த நாலு அமுக்குக்கா குங்குமம் வச்ச?" என்று உண்டியலை ஆளாளுக்குப் பிடித்து இழுத்தார்கள். அந்தச் சந்தடியில் சாமி கொல்லைப்புறச் சுவரேறிக் குதித்தார். அவரையும் பேய்தான் துரத்தியது போலும்!

சுமலதா ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். கடைசியாக வந்த மண்ணாங்கட்டி பயபக்தியோடு செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் சரி தாயி, எந்தத் தெசையப் பாத்து அமுக்கணும்?"

டேப்புக்கு அப்டேட் தானாக வந்து இறங்குகிறது. மண்டைக்கு அப்படி வராதய்யா. கேள்வி கேட்டுத்தான் இறக்கிக்கொள்ள வேண்டும்!