வடிகால் சரியில்லை

முதலில் ஆள்காட்டி விரல். தொட்டி யாருடையதாக இருந்தாலும் கேட்காமல், விரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விடவேண்டும். ஒரு மூச்சு நேரம் உள்ளேயே வைத்திருக்கவேண்டும். எடுத்த பின் கட்டைவிரலோடு சேர்த்து மெல்லத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ‘ம்’ என்று ஒரு சத்தம். அது தொண்டையிலிருந்து வராமல் நெஞ்சிலிருந்து வரவேண்டும். பிறகு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, “வடிகால் சரியில்லை” என்று சொல்லவேண்டும்.

இப்படிச் செய்கிற ஜீவராசிக்குக் குறிப்பாளன் என்று பெயர். இவனைத் தோட்டக்காரனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தோட்டக்காரனுக்கு முழங்கை வரை மண். இவனுக்கு ஒரு கணு. செடி வாடியிருந்தால், வடிகால் சரியில்லை. பூச்சி விழுந்திருந்தால், வடிகால் சரியில்லை. செடி தளதளவென்று நின்று இவனைப் பார்த்துச் சிரித்தால்? “இப்போதைக்கு இப்படித்தான் இருக்கும்” என்பான். இவனை வெல்ல முடியுமா?

தோட்டக் கழகம் எங்கே உண்டோ அங்கே இவனும் உண்டு. ராயபுரத்தில் தோட்டமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மண்ணெண்ணெய் டின், விளிம்பு போன பானை, ஓட்டை வாளி, இவை மொட்டைமாடியில் வரிசையாக நின்றால் அது தோட்டம்தான். ஒரு பக்கம் கடலிலிருந்து உப்புக்காற்று, மறுபக்கம் ரயில் என்ஜின்களின் கரித்தூள். இரண்டுக்கும் நடுவே ரோஜா வளர்க்கத் துணிந்த பதினொரு பேர் சேர்ந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் ஒரு கழகம் கண்டார்கள். விடிந்ததும் ஈரத்துணி எடுத்து, பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல, ஒவ்வொரு இலையாகத் துடைப்பார்கள். துடைக்காத ரோஜாவின் நிறம் என்னவென்று பத்து மணிக்கு மேல் யாராலும் சொல்லமுடியாது.

அந்தக் கழகத்தின் செயலாளன்தான் நம் சுப்புராயன். துறைமுகப் பக்கத்துக் கிடங்கொன்றில் குமாஸ்தா, வயது இருபத்துமூன்று. எதிரே தெரிந்தவர் வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். போன பின் திரும்பி நின்று, அவர் நடக்கிற நடையைக் கவனமாகப் பார்ப்பான். யாப்பை உதறிவிட்டு வந்த புதுக் கவிதைகளைத் தேடிப் படிப்பான். அப்படி ஒரு பத்திரிகையைப் படிக்க வாசகசாலைக்குப் போன மாலையில்தான் கழகம் அங்கே கூடியிருந்தது. எழுந்து போகக் கூச்சமாக இருந்ததால் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தவனிடம் கூட்ட நடவடிக்கையை எழுதச் சொன்னார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. முடிந்தது கதை, செயலாளன் ஆகிவிட்டான்.

செயலாளன் என்றால், எதை எப்போது வெட்டுவது, எதை ஊற்றுவது என்று கழகத்தாருக்கு வருஷந்தோறும் வசந்தக் குறிப்புகள் எழுதவேண்டும். செடி வளர்த்தறியாத சுப்புராயன், மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலுக்குள் கையை விட்டு, ஏதோ குளிர்தேசத்து விதைக்கடைக்காரன் அச்சிட்ட பட்டியல் ஒன்றை எடுத்துவந்தான். ‘பனிக்கட்டி உருகியதும்’ என்றிருந்த இடத்தில் மட்டும் ‘மாசி பிறந்ததும்’ என்று மாற்றிக்கொண்டான். அந்த அளவுக்கு அவனுக்கு ஊர் ஞானம் உண்டு. மற்றதெல்லாம் அப்படியே தமிழுக்கு வந்தது. கொஞ்சம் கவிதையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

“ரோஜாக் கிளை தன் சென்ற ஆண்டை மறக்கவேண்டும், மாசி முதல் நாள் இரண்டு கணு விட்டு வெட்டுக.” இது இரண்டாம் வருஷத்தின் முதல் குறிப்பு.

கழகத் தலைவர் அப்துல் வஹாப் பாய், தோல் மண்டிக்காரர், அறுபது வயது, மருதாணித் தாடி. சுப்புராயன் படித்துக் காட்டியதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “அத்தம் புரியல தம்பி. ஆனா கேக்கறதுக்கு ஜோரா கீது” என்றார். பதினொரு பேருக்கும் பிரதி வேண்டும் என்றார்கள். பதினொன்றையும் அவன் கையாலேயே எழுதிக் கொடுத்தான்.

நான்காவது குறிப்பு மட்டும் விதைக்கடைக்காரன் சொல்லாதது, சொந்தச் சரக்கு. சுப்புராயன் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே மீன் விற்கிற கெங்கம்மா இருந்தாள். மத்தியானம் திரும்பிவந்து கிணற்றடியில் அவள் கூடை கழுவினால், அந்த வாடை படியேறி வந்து அவன் கவிதைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும். நேரில் சொல்லத் தைரியம் இல்லை. ஆகவே குறிப்பாக எழுதினான்: “மீன் கழுவிய நீர் கூடவே கூடாது. வேர் வெந்து, கண்ணீரின்றி அழும்.”

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் குறிப்பாளனுக்கு ஒரு நாள் வரும். எல்லாக் குறிப்பாளனுக்கும் வரும்.

பங்குனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கழகத்தார் ஒவ்வொருவர் வீடாகப் போய்ச் செடி பார்க்கிற வழக்கம் உண்டு. போன வருஷம் காய்ச்சல் என்று சொல்லித் தன் வீட்டைத் தப்பவைத்த சுப்புராயன், இந்த வருஷம் குறிப்புத்தாளின் அடியில், எழுத்து தந்த மிதப்பில், “என் மாடியில் ஒரு ரோஜா” என்று தொடங்கி ஏழு வரி எழுதித் தொலைத்தான். “அப்போ கடேசீல உன் வூடு தம்பி” என்று வஹாப் பாய் முடிவு செய்துவிட்டார்.

ரோஜா இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. தள்ளுவண்டிக்காரனிடம் வாங்கி டின்னில் வைத்தது. தான் எழுதியதைத் தானே நம்பியவன் அந்தப் பதினொரு வீட்டையும் தன் வீட்டையும் சேர்த்து இவன் ஒருவன்தான். மாசி முதல் நாள் இரண்டு கணு விட்டு வெட்டினான். மாசி முடியும்போது அது எரிந்த தீக்குச்சியைப் போல நின்றது. அதைப் பார்த்தால் கழகம் என்ன சொல்லும்? சிரிக்கும்; பிறகு வேறு செயலாளரைத் தேடும். கிடங்கில் அவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, கட்டளைதான் வரும். “இது ஏன் தம்பி இப்படி கீது?” என்று மனிதர்கள் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கிற இடம் உலகத்திலேயே அந்த ஒன்றுதான். அது போய்விடும்.

ஆகவே தினமும் விடியற்காலையில் டின்னுக்கு முன்னால் குந்தினான். விரலை விட்டான். முகர்ந்தான். நிழலுக்கு நகர்த்தினான், மறுநாள் வெயிலுக்கு நகர்த்தினான். ஒருநாள் யாரும் இல்லையென்று நினைத்துக் கவிதையும் படித்தான். துணி உலர்த்த வந்த கெங்கம்மா அவன் பின்னாலேயே நின்றிருந்தாள்.

“இன்னா நைனா, குச்சியாண்ட பேசிகினு கீறே?”

வெட்கத்தில் அவனுக்கு அதிகாரம் வந்தது. செடி ஓய்வில் இருக்கிறது என்றும், மீன் தண்ணீர் இந்தப் பக்கம் ஒரு சொட்டுகூட வரக்கூடாது என்றும் சொன்னான்.

“நீ படிச்ச புள்ள. சொன்னா சர்த்தான்” என்று அவள் கீழே இறங்கிப்போனாள்.

பங்குனி ஐந்தாம் தேதி குச்சியில் செம்பு நிறத்தில் ஒரு துளிர். பத்தாம் தேதி நான்கு. இருபதாம் தேதி மொட்டு. சுப்புராயன் கிடங்குக்கு நடந்தே போனான். எதிரே வந்தவர்களைக் கண்டு தெருவைக் கடக்கவும் மறந்தான். டின்னைச் சுற்றிப் பூனைகள் உட்காரத் தொடங்கியதையும் கவனித்தான். கவனிக்காமல் இருப்பானா? அதைப் பற்றி ஒரு கவிதையே எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதலில் ரயில்வே யார்டில் பிட்டர் வேலை பார்க்கும் ராசையாவின் வீடு. ரோஜாக்கள் கைப்பிடி அளவுக்குப் பூத்திருந்தன. இவர்களைக் கண்டதும் ராசையா அவசரமாகத் துண்டை வீசி இரண்டு பூனைகளை விரட்டினார். ஒரு கிளைகூட வெட்டப்படவில்லை என்பதைச் சுப்புராயன் பார்த்தான். சோம்பல் என்று மனத்தில் குறித்துக்கொண்டான். விரலை விட்டு, “இப்போதைக்கு இப்படித்தான் இருக்கும்” என்றான். அடுத்த வீட்டிலும் பூனை. அதற்கடுத்த வீட்டிலும் பூனை. வஹாப் பாயின் மாடியில் இருபது ரோஜா, ஐந்து பூனை. தண்ணீர்ப் பீப்பாய்க்கு மேலே சுவரில் அவனுடைய குறிப்புத்தாள், தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்துச் சுப்புராயனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பாவம், பெரியவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வெளியே சொல்லிக்கொள்ளவும் வெட்கம். கூச்சத்தின் வலி அவனுக்குத் தெரியாதா?

கடைசியில் அவன் மாடி. இரண்டு பூ, மூன்று பூனை. பதினொரு பேரும் டின்னைச் சுற்றி நின்றார்கள். வஹாப் பாய் மெல்லக் குனிந்து, ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டு, எடுத்து, முகர்ந்தார். சுப்புராயனை ஒரு கணம் பார்த்தார்.

“வடிகாலு சரியாத்தான் கீது” என்றார்.

ராசையாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. அடுத்த ஆண்டுக்கும் சுப்புராயனே செயலாளன் என்று அங்கேயே ஒரு மனதாகத் தீர்மானித்தார்கள். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக நின்றுகொண்டு நான்கு நிமிஷம் பேசினான். பொறுமை என்பதைப் பற்றிப் பேசினான்.

ஐப்பசியில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது, கெங்கம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். “பாயி சொல்லித்தான் நைனா ஊத்தினேன். ‘அந்தப் புள்ள மீன் தண்ணி கூடாதுன்னு எய்தி கீது, அப்போ ஊத்தினா ஜோரா வரும். எங்க எல்லார் செடிக்கும் குடு. அதோட குச்சிக்கும் ரெண்டு சொம்பு ஊத்து’ன்னாரு. மொத வருசம் சாம்பல் போடாதேன்னு எய்தினியாமே? போட்டாங்களாம், சொரக்கா காச்சுத் தொங்கிச்சாம். வேற ஆளு எய்தினா பாதி சரியா இருக்கும், பாதி தப்பா இருக்கும், பேஜாரு; உன்னுதுனா திருப்பிப் போட்டா போதுமாம். உன்ன வுட்டா அவுங்களுக்கு யாரு கீறாங்க?”

மழை விட்டதும் சுப்புராயன் மாடிக்குப் போய், அடுத்த மாசிக்கான குறிப்புகளை எழுதத் தொடங்கினான். முன்னைவிடக் கவனமாக எழுதினான். பதினொரு குடும்பத்தின் பூ அவன் தவறுகளை நம்பி இருக்கிறதல்லவா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அவன் மாசியில் ரோஜாவை வெட்டினான் என்று படித்தபோது, ‘ஐப்பசியில் அல்லவா வெட்டவேண்டும், இதுகூடத் தெரியாதா’ என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வாயெடுத்தீர்களா இல்லையா? எங்கே, அந்த ஆள்காட்டி விரலைக் காட்டுங்கள். நகக்கண்ணில் மண் இருக்கிறதா? எந்தக் கணு வரை?

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், சுப்புராயன் கடையில் ஓர் அரிச்சுவடி வாங்கி, யார் கண்ணிலும் படாமல் காகிதத்தில் சுற்றி, வஹாப் பாயிடம் கொடுத்திருந்தான். பாய் பிரித்துப் பார்த்து, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் தம் மண்டியில் தினமும் காலையில் மூட்டை தூக்குகிறவர்களை உட்காரவைத்து, தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உரக்கப் படித்துக் காட்டுகிறவர் என்பது அவனுக்கு அப்புறம்தான் தெரிந்தது.