வெள்ளிப்பட்டணத்தில் ஐந்து சாவு

என் உடம்பில் கடைசி மூச்சு இருக்கும்வரை எங்கள் நிசான் காரின் ஸ்டியரிங்கில் குணவதியின் கை படாது.

இப்படி ஒரு சபதத்தை 1994ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கிளென் ஈடனில், என் வீட்டுச் சோபாவில் இருந்தபடி எடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டுச் சபதம் எடுக்க எங்கள் வீட்டில் எனக்கு அனுமதி இல்லை.

காரணம் கேளுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் ஓட்டுகிறவள் என் மனைவி குணவதிதான். குசினி அவளுடையது. பிள்ளைகள் அவளுடைய கட்சி. நான் எந்தச் சேட்டுப் போடுவது, எத்தனை மணிக்குப் படுப்பது, தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி, எல்லாம் அவள் சட்டம். என்னிடம் மிஞ்சியவை இரண்டே இரண்டு உத்தியோகம். ஒன்று, சாரதி. மற்றது, மொழிபெயர்ப்பாளர்.

இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடிக்க விடுங்கள். பருத்தித்துறைத் தபாற் கந்தோரில் முப்பத்தொரு வருடம் தந்தி அடித்தவன் நான். நான் அங்கே தட்டினால் கொழும்பில் கந்தோர்க் கதவு ஆடும். நியூசிலாந்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து வங்கி, டொக்டர், விசாக் கந்தோர் என்று எங்கே போனாலும் குணவதி தமிழில் சொல்வாள், நான் இங்கிலிசில் சொல்வேன். தன் முழங்கால் நோவை அவள் கால்மணி நேரம் வர்ணிப்பாள். "முழங்கால். நோ. கடுமை. உடன் பதில் தேவை" என்று நான் நாலே வரியில் டொக்டரிடம் முடித்துவிடுவேன். கைப்பழக்கம்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு ஒரு தொடர் வரும். இங்கிலிசில் ஏதோ நீளப் பெயர். நான் அதற்கு வெள்ளிப்பட்டணம் என்று பெயர் வைத்திருந்தேன். அமெரிக்காவில் ஒரு பாலைவனம், அதன் நடுவில் ஒரு வெள்ளிச் சுரங்கம், சுரங்கத்தை நம்பி ஒரே ஒரு தெரு. அந்தத் தெருவில் வீட்டை விடச் சாராயத் தவறணை அதிகம், தவறணையை விடத் துவக்கு அதிகம். எல்லாருக்கும் தொப்பி. குளிக்கும்போதும் தொப்பி. வாயைத் திறந்து ஒருவரும் கதைக்க மாட்டார்கள். சொல் மூக்கால் புறப்பட்டு மீசையில் சிக்கி நின்றுவிடும். உண்மையைச் சொன்னால், நாலு வசனத்தில் ஒன்றுதான் எனக்கு விளங்கும். மிச்சம் மூன்றையும் நானே போட்டுக்கொள்வேன். அதனால் கதை ஒருநாளும் கெட்டதில்லை.

குணவதி முதலில் அந்தப் பக்கமே வருவதில்லை. ஏழாவது கிழமை திரையில் ஒரு விதவை வந்தாள். சுரங்கத்திலிருந்து வெள்ளிக்கல் ஏற்றிக்கொண்டு, ஆறு கோவேறு கழுதை பூட்டிய வண்டியை மலைப்பாதையில் விரட்டினாள். கையில் சவுக்கு. வாயில் சுருட்டு. குசினிக்குள்ளிருந்து கரண்டியோடு வந்து நின்ற குணவதி, அப்படியே சோபாவில் இருந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, உவள் தனியவோ ஓட்டுறாள்?"

"ஓம்."

"ஆறு கழுதையையும்?"

"ஓம்."

"நான் முப்பத்தெட்டு வருசமா ஒண்டை ஓட்டுறன். எனக்கு அந்த நிசானை ஓட்ட ஏலாதோ?"

அந்த இடத்தில்தான் நான் மேற்படி சபதத்தை எடுத்தது.

நல்ல காலம், திரையில் வண்டி ஒரு வளைவில் திரும்பி மறைந்தது. மலையடியில் நின்ற நாலு ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வியர்வை துடைக்கத்தான் கழற்றியிருப்பார்கள். என் மூளை அவசரத் தந்தி ஒன்று அடித்தது.

"என்னவாம்?" என்றாள் குணவதி.

"செத்துப்போனாளாம்."

"ஆர்?"

"உவள்தான். வண்டியோடை பள்ளத்துக்குள்ளை. பொம்பிளையள் ஓட்டினா வளைவிலை இப்பிடித்தான் முடியும் எண்டு அந்த மீசைக்காரன் சொல்லுறான்."

குணவதி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. எனக்குப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. முப்பத்தொரு வருடச் சேவையில் என் செய்தி ஒன்று இவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்ந்ததில்லை.

அழுது முடித்தவள் நேரே குசினிக்குப் போனாள். அரிந்து வைத்திருந்த ஸ்னாப்பர் மீன் திரும்பவும் ஃபிரீசருக்குள் போனது.

"என்னப்பா, மீன்?" என்றேன்.

"செத்த வீட்டிலை ஆரும் மச்சம் தின்னுவினமோ?"

"ஆர் செத்தது?"

"இப்பத்தானே சொன்னியள்."

"அது டீவீயிலை!"

"எங்கட ஹோலுக்குள்ளைதானே செத்தவள்? பத்து நிமிசமெண்டாலும் வீட்டுக்கு வந்த பிள்ளை. எட்டு நாளைக்கு மச்சம் இல்லை. பூசணிக்காய்தான்."

சாகவில்லை, நான் புளுகினேன் என்று சொன்னால் மீன் வரும். ஆனால் என் பொக்கற்றில் கிலுங்கும் கார்த் திறப்புப் போகும். மீனா, திறப்பா? ஆண்மகன் நான், திறப்பு என்றேன். எட்டு நாள்தானே!

எட்டாம் நாள் அடுத்த ஞாயிறாக வந்தது. செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்து எட்டாம் நாள் படைப்பது எங்கள் ஊர் வழக்கம். மீன், இறைச்சி என்று மச்சமும் படைக்கலாம். காலையிலேயே குணவதி வந்து கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன விருப்பமாம்? உங்களுக்குத்தானே அவையின்ர பாஷை தெரியும்."

என் வாயில் கடல் பொங்கியது. "நண்டு."

"பாலைவனத்திலை நண்டோ?"

"கிடைக்கேல்லைத்தானே? அந்த ஏக்கத்திலைதான் அரைவாசி செத்தவள்."

அன்று குணவதி வைத்த நண்டுக் கறியின் மணத்துக்கு, கிளென் ஈடன் ஸ்டேஷனில் ரயில் இரண்டு நிமிடம் கூட நின்று போனது. டீவீக்கு முன்னால் படைத்தாள். சாம்பிராணி காட்டினாள். நான் கை கழுவிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் கறி முழுவதும் ஒரு ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"உது ஆருக்கு?"

"படைச்சதை வீட்டாக்கள் தொடப்படாது. வெளி ஆளுக்குக் குடுக்கவேணும்."

"எந்த ஊர் வழக்கம் இது? பருத்தித்துறையிலை நாங்கள்தான் சாப்பிடுறது!"

"நான் வேலணை. எங்கட வேலணையிலை இப்பிடித்தான்."

வேலணையில் இல்லாத வழக்கமே கிடையாது. குணவதிக்குத் தேவைப்படும் நேரமெல்லாம் அந்தத் தீவில் ஒரு புது வழக்கம் முளைக்கும்.

பெட்டி பின்தெருவில் இருக்கும் சில்வெஸ்ரரிடம் போனது. மன்னார் ஆள், ஐம்பது வயது, மங்கரே விமான நிலையத்தில் சரக்கு லொறி ஓட்டுகிறவர். "அவர் வேதக்காரர், அவருக்குத் தோஷம் பிடிக்காது" என்று குணவதி விளக்கம் சொன்னாள்.

நாலரை ஆனது. அதே விதவை, அதே வண்டி, அதே வேகம்.

"இஞ்சேருங்கோ! உவள் செத்தவள் எல்லோ?"

"இது... தங்கச்சி."

"அதே மூக்கு?"

"ஒரே தாய்."

"அதே சுருட்டு?"

"தமக்கையின்ர ஞாபகமாப் பத்துறாள்."

"எவ்வளவு வடிவா ஓட்டுறாள்! பார்க்க எனக்கும் பழகலாம் போலை கிடக்கு."

நான் என்ன செய்வது? கொன்றேன். ஆற்றைக் கடக்கும்போது வண்டி குடைசாய்ந்துவிட்டது என்றேன். சேலைத் தலைப்பு, குலுங்கல், பூசணிக்காய்.

"அவைக்கு எத்தினை பொம்பிளைப் பிள்ளையள்?" என்றாள் விம்மலுக்கு நடுவில்.

"ஏழு" என்று என் வாய் சொல்லிவிட்டது.

மூன்றாமவளை ரயில் மோதியது. நாலாமவளைப் பாம்பு கடித்தது. ஐந்தாமவளைக் கோவேறு கழுதை உதைத்தது. ஒருத்தியின் எட்டு முடிகிற அன்றே மற்றவள் செத்ததால் எங்கள் வீட்டில் துக்கம் விட்டபாடில்லை. றால், ஆட்டிறைச்சி என்று ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு ஐஸ்கிறீம் பெட்டி நிரம்பிப் பின்தெருவுக்குப் போனது. எனக்கு மணம் மட்டும்.

செவ்வாயும் வியாழனும் காலையில் சிநேகிதர் குலசிங்கம் வீட்டில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடப் போவேன். அந்த வீட்டு மீன் ரோல்ஸ் பேர்போனது. போனால், "குணவதியக்கா ரெலிபோன் பண்ணினவ. உங்களுக்குத் துக்கமாம், மச்சம் காட்டப்படாதாம்" என்று வெறும் தேத்தண்ணி வந்தது. ஒருநாள் துணிந்து ஃபிஷ் அன்ட் சிப்ஸ் கடை வாசல்வரை போனேன். உள்ளேயிருந்து சில்வெஸ்ரர் வந்தார். கன்னம் இரண்டும் உப்பி, முகம் முழுநிலா மாதிரி இருந்தது.

"தியாகலிங்கம் அண்ணை, துக்கம் முடிஞ்சுதோ?"

"இன்னும் இல்லை" என்று திரும்பினேன்.

"அண்ணை, ஒரு சின்ன விசயம். நாலாவதாச் செத்தவவுக்குக் கணவாய் விருப்பமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

என்ன ஒரு வெள்ளை மனம் என்று நினைத்தேன். நாலாமவளுக்குக் கணவாய் என்றே சொன்னேன். ஐந்தாமவளுக்குக் காலையில் மீன் போனது.

அன்று பின்னேரம் ஆறாமவள் வண்டியோடு வந்தாள். என் இடுப்பில் காற்சட்டை நிற்கவில்லை. கனவில் பூசணிக்காய்கள் தொப்பி போட்டுக்கொண்டு என்னைத் துரத்த ஆரம்பித்திருந்தன.

"இவளுக்கு எப்ப?" என்றாள் குணவதி, சேலைத் தலைப்பைத் தயாராகப் பிடித்தபடி.

"இவள் சாகமாட்டாள்."

"ஏனாம்?"

"வலு கெட்டிக்காரி. பொம்பிளையளைப் போலை வண்டி ஓட ஆளில்லை எண்டு அந்த மீசைக்காரனே சொல்லுறான்."

"அவன் முதல் மாறியெல்லோ சொன்னவன்?"

"திருந்திட்டான்."

"அப்ப நானும் கார் ஓடலாமோ?"

நான் கணக்குப் போட்டேன். கார் ஓட்ட வேண்டுமென்றால் பழக வேண்டும். பழக்க வேண்டியவன் நான். நான் நினைத்தால் கதவு திறக்கிற பாடத்தையே இரண்டு வருடம் நடத்துவேன். வாயால் விட்டுக்கொடுத்தால் இன்றைக்கே மீன்.

"தாராளமா ஓடு."

"உண்மையாவோ?"

"தந்திக்காரன் வாக்கு."

"அப்ப திறப்பைத் தாங்கோ."

கொடுத்தேன். காருக்குள் இருந்து இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டு வருவாள் என்று சிரித்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டது. யன்னலுக்கு ஓடினேன். குணவதி பெல்ற் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், தோளுக்கு மேலால் பார்த்தாள். கார் வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. அந்த ஒடுங்கின டிரைவ்வேயில் தபால் பெட்டியை இடிக்காமல் ஐந்து வருடத்தில் நான் ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை. அவள் அதன் பெயின்ற்கூட உரசாமல் எடுத்தாள்.

"குணவதி! லைசென்ஸ்!" என்று வெறுங்காலோடு ஓடினேன்.

யன்னலால் ஒரு கடதாசியை ஆட்டினாள். "வெள்ளிக்கிழமை எடுத்தனான்."

"ஆர் பழக்கினது?"

"சில்வெஸ்ரர் தம்பி, தன்ர காரிலை. செவ்வாயும் வியாழனும். நீங்கள் சீட்டாடுற நேரம். நல்ல மனுசன், ஒரு சதமும் வாங்கேல்லை. அஞ்சே அஞ்சு பெட்டிதான்."

"அப்ப... அந்தச் சகோதரியள்?"

"ஒருத்திதானப்பா அவள். ஒவ்வொரு கிழமையும் கடைசியிலை அதே பேர்தானே ஓடுது." கியரை மாற்றினாள். "நான் ஈஸ்ட் டாமாக்கியிலை இராசமலர் அக்காவைப் பார்த்திட்டு வாறன்."

"ஐயோ, உது மற்றத் தொங்கல்! மோட்டர்வே!"

"அதுதான் சுகம். எதிரை ஒருத்தரும் வராயினம்."

போய்விட்டாள். சிக்னல் போட்டுத் திரும்பிப் போனாள்.

சோபாவுக்குத் திரும்பி வந்தேன். வெள்ளிப்பட்டணம் இன்னும் முடியவில்லை. விதவை மீசைக்காரனிடம் நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பக்கத்தில் இருந்து "என்னவாம்?" என்று கேட்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாததால் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பன்னிரண்டு கிழமையாக அந்த ஊரில் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று முதல் தடவையாக எனக்கு அறிய ஆசை வந்தது.

சாரதி உத்தியோகம் போய்விட்டது. சரி. மற்ற உத்தியோகத்தையாவது காப்பாற்ற வேண்டும். கதையைச் சரியாகப் பிடித்துவைத்துக்கொண்டு, அவள் வந்ததும் ஒழுங்காக மொழிபெயர்த்துச் சொல்லி மானத்தை மீட்போம் என்று சில்வெஸ்ரருக்குப் போன் எடுத்தேன். கார் பழக்கும்போது அவர்தானே குணவதிக்குக் கதையின் உள்விபரத்தைச் சொல்லிக் கொடுத்திருப்பார்.

"சில்வெஸ்ரர், நடந்தது நடந்துபோச்சு. உந்த விதவை மீசைக்காரனுக்கு என்ன சொல்லுறாள்?"

"எனக்கென்ன தெரியும், அண்ணை? அவையின்ர இங்கிலிசு எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அக்காதான் கார் ஓடிக்கொண்டு எனக்குக் கதை முழுக்கச் சொல்லுறவ."

"எந்த அக்கா?"

"குணவதியக்காதான். குசினிக்குள்ளை நாள் முழுக்க ரேடியோ கேட்டுக் கேட்டு, வெள்ளையளை விட வடிவாக் கதைப்பா. லைசென்ஸ் ரெஸ்ற் வைச்சவர் அவ சொன்ன பகிடிக்குச் சிரிச்சு, கேள்வியை மறந்துபோனார்."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்ப அஞ்சு வருசமா டொக்டரிட்டையும் பாங்கிலையும் என்னைக் கதைக்க விட்டிட்டு ஏன் பேசாமல் இருந்தவள்?"

சில்வெஸ்ரர் நல்ல மனுசன்தான், தயங்கினார்.

"நானும் அதைக் கேட்டனான், அண்ணை. 'பாவம், அந்த மனுசனுக்கும் ஒரு வேலை இருக்கட்டும்' எண்டவ."