கொட்டாவி வராத கேள்விகள்

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொட்டாவிகூட விழக் கூடாது. கண்ணாடி முன்னால் நின்று தபால்காரர் சபதம் எடுத்தார்.

தபால்காரர் என்றால் வீடு வீடாகப் போகிறவர் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதங்களை ஊர் ஊராகப் பிரிக்கிறவர். அதனால்தானோ என்னவோ, போன மாதம் உறவுகளைக் கூட்டிவைத்து அவர் நடத்திய வினாடி வினாவில் கேட்டதெல்லாம் தலைநகரங்கள். மூன்றாவது தலைநகரம் வருவதற்குள் சகலை தூங்கிவிட்டார். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, "அடுப்பை அணைச்சேனான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று போனவர், அன்றைக்குத் திரும்பவே இல்லை. கொழுந்தியாள் மட்டும் கடைசிவரை இருந்தாள். புருஷனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமே.

"நீங்க கேள்வி கேட்டா, படிக்காம பரீட்சைக்கு வந்த மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி. "பதில் தெரியாதவங்களுக்கும் அதைக் கேட்டதும், அட, அப்படியான்னு ஒரு சந்தோஷம் வர வேணாமா?"

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் யோசிக்க யோசிக்க அது நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது அலுவலகத்தில் அதைத் தன் சொந்த யோசனையாகவே சொல்லிவிட்டார்.

அன்று முதல் புதுப் புதுக் கேள்விகளாக எழுதினார். எழுதியதை மனைவியிடம் கேட்டுப் பார்ப்பார். அவளுக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார். தெரியாவிட்டால் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

"தெரியல."

"மூணு!"

"அம்மாடி! சரி, பாத்திரம் கழுவுற குழாயை எப்பங்க சரி பண்ணப் போறீங்க? ஒழுகுது."

"அடுத்த கேள்வி" என்றார் அவர்.

இன்னொரு நாள் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒட்டகச்சிவிங்கி கழுத்துல எத்தனை எலும்பு?"

"தெரியல."

"ஏழு! நமக்கும் அதே ஏழுதான். அதுக்கு ஒவ்வொண்ணும் நீளம்."

"பாவம், கழுத்து வலிச்சா எவ்வளவு தைலம் வேணும்! அந்தக் குழாயை எப்பங்க..."

"கவனத்தைக் கலைக்காதே."

தினமும் இப்படித்தான். சட்டைப்பை நிரம்பியது. இவளுக்கே ஒன்றும் தெரியவில்லையென்றால் சகலைக்கு எங்கே தெரியப் போகிறது என்று அவருக்குத் தெம்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். சாப்பாடு முடிந்து சமையலறையில் பாத்திரங்கள் மலையாகக் குவிந்திருந்தன.

"பாதிக்கு மேல சரியா சொல்லிட்டீங்கன்னா அத்தனை பாத்திரமும் நான் கழுவறேன்" என்று அறிவித்தார். "இல்லேன்னா அடுத்த மாசம் மறுபடியும் தலைநகரம்!"

சகலை நிமிர்ந்து உட்கார்ந்தார். தையல்கார அக்கா அடுப்பை நினைத்துக்கொண்டார்.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

"மூணு" என்றாள் மனைவி.

"ஒட்டகச்சிவிங்கி..."

"ஏழு. நமக்கும் ஏழுதான்" என்று சொல்லி, தையல்கார அக்காவின் பின்கழுத்தைத் தொட்டும் காட்டினாள். எல்லோரும் ஆளுக்கு ஆள் கழுத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளமா இருக்கிற கிரகம்?"

"வெள்ளி. அங்கே ஞாயித்துக்கிழமை முடியவே முடியாதாம்!"

"ஐயையோ, அன்னிக்கு இவர் வினாடி வினா வெச்சா?" என்றார் சகலை.

சிரிப்பு அடங்க நேரமானது. தபால்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"இதெல்லாம் தெரியாதுன்னு சொன்னியே!"

"கேட்டப்போ தெரியாது. நீங்கதானே அப்புறம் சொல்லிக் குடுத்தீங்க."

"இது செல்லாது!"

"சரி, செல்லாது. நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். பதில் சொல்லிட்டீங்கன்னா நீங்க ஜெயிச்சீங்க. இந்த வாரம் பூரா தினமும் நான் உங்ககிட்ட கேட்ட கேள்வி என்ன?"

இவ்வளவுதானா என்று வாயைத் திறந்தார்.

வெங்காயம் ஞாபகம் வந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூடு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் அவள் புருவத்தை உயர்த்தியது, பிறகு உதடுகள் அசைந்தது, எல்லாம் ஞாபகம் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. தான் சொன்ன ஒரு சொல்லைக்கூட அவள் சிந்தவிடவில்லை. அவள் சொன்னது ஒன்றே ஒன்று. அது எங்கே போயிற்று?

"எனக்குத் தெரியும்!" என்று தையல்கார அக்கா கையைத் தூக்கினார். "சுவரைத் தாண்டி எனக்கே கேட்டுதே!"

"எங்க அக்கா போன்ல எங்கிட்டயும் சொன்னா" என்றாள் கொழுந்தியாள். "நீங்க சொல்லுங்க அத்தான்!"

அவர் எழுந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். முதல் தட்டைக் கையில் எடுத்துக் குழாயைத் திறந்தார். குழாயின் கழுத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி முகம், சட்டை, பையிலிருந்த கேள்விகள் எல்லாவற்றையும் நனைத்தது.

"என்னங்க," கூடத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது, "குழாய் ஒழுகுதா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியல" என்றார்.