மிஸ்ஸியிடம் ஒரு கேள்வி

கிளினிக்கில் தாதி மிஸ்ஸி கேட்ட முதற் கேள்வியை நாகேந்திரம் மொழிபெயர்க்கவில்லை.

வெள்ளைபடுகிறதா என்று கேட்டிருந்தாள். பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதுபோலச் சிங்களத்தில் சாதாரணமாகக் கேட்டாள். பின்னால் வாங்குகளில் பன்னிரண்டு கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மண்டபத்தில் அவன் ஒருவன்தான் ஆண்.

"என்னவாம்?" என்றாள் அவன் மனைவி கௌரி.

"சாப்பாடு எப்பிடியாம்."

"நல்லாச் சாப்பிடுறன். முந்தியைவிடக் கூட."

நாகேந்திரம் மிஸ்ஸியின் பக்கம் திரும்பினான். ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். வேறொன்றும் தோன்றாததால் வந்ததையே சொன்னான். முன்பைவிட அதிகம் என்றான்.

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தாள். என்ன நிறம் என்று கேட்டாள்.

"என்ன நிறமாம்."

"எது?"

"சோறு."

கௌரி அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "சிவப்பரிசிதானே. நீங்கள்தானே வாங்கி வாறனியள்."

"சிவப்பு" என்றான் நாகேந்திரம் சிங்களத்தில்.

மிஸ்ஸி எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. கௌரியின் தோளைப் பிடித்துத் திரைச்சீலைக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஏன் என்னைப் படுக்கச் சொல்லுறா?" திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சோறு கூடிப்போச்சாம்" என்றான் நாகேந்திரம்.

வாங்குகளில் இருந்த பன்னிரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் சுவரைப் பார்த்தான். சுவரில் ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் படம் இருந்தது. அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

நாகேந்திரம் கொழும்புக் கோட்டையில் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் கிளாக்கர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் இரண்டாம் தடவையிலேயே பாஸ் பண்ணியவன். வெள்ளவத்தையில் அவர்கள் வாடகைக்கு இருந்த அறையில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சான்றிதழ் தொங்கியது. அதன் பிரதி ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். காலி வீதிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கேட்டால், கேட்காத அதையும் சேர்த்து நீட்டுவான். ஒருவரும் அதை வாசித்ததில்லை.

அந்தப் பரீட்சைக்குச் சம்பள உயர்வு படித்தான். இடமாற்றம் படித்தான். தபால் தலைப்பு, கடித முடிவு எல்லாம் படித்தான். கருப்பை அந்தப் பாடத்தில் இல்லை.

காலையில் மண்டப வாசலில், கர்ப்பிணிகளின் எடை பார்க்கும் சீனியம்மா அவனை மறித்திருந்தாள். மலைநாட்டுக்காரி. அந்தக் கிளினிக்கில் தமிழும் சிங்களமும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஐயா, மிஸ்ஸிகிட்ட நான் சொல்லிக் குடுக்கவா?"

"தேவையில்லை. நான் பாஸ் பண்ணினனான்."

"சரிங்க" என்று அவள் விலகி நின்றாள்.

திரை விலகியது. மிஸ்ஸி குழம்பிய முகத்தோடு வந்து விழுந்த கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ஒன்றும் இல்லையே என்றாள்.

நாகேந்திரம் எழுந்து நின்றான். தனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சிங்களத்தில் சொன்னான்: "மேற்படி விபரம் தவறுதலாகச் சமர்ப்பிக்கப்பட்டது. அசௌகரியத்துக்கு வருந்துகிறேன்."

மிஸ்ஸி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கிளினிக் கார்ட்டைக் கேட்டாள்.

அவன் பத்திரிகைக்குள் மடித்து வைத்திருந்த கார்ட்டை எடுத்துக் கொடுத்தான். வரும் வழியில் தெரிந்தவர் யாரும் கண்டுவிடக் கூடாது என்றுதான் பத்திரிகை. வெளிக்கிட முன் கௌரி அதை அவன் கையில் தந்து, "ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, எழுதினதெல்லாம் சிங்களத்தில கிடக்கு" என்றிருந்தாள்.

"பொம்பிளையளின்ர விசயம் எனக்கென்னத்துக்கு" என்று மடித்துவிட்டான்.

மிஸ்ஸி எடையை எழுதினாள். கார்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் அதைப் பழையபடி பத்திரிகைக்குள் செருகினான்.

"இப்ப ஊசியைப் பற்றிக் கேளுங்கோ" என்றாள் கௌரி.

அவன் சட்டைக் கொலரை இழுத்துவிட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன், சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது, கௌரியின் அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆண்பிள்ளை பிறந்தது. எட்டாம் நாள் பிள்ளையால் வாய் திறக்க முடியவில்லை. பத்தாம் நாள் பிள்ளை இல்லை. ஏற்பு, அதாவது டெட்டனஸ் என்றார்கள். தாய்க்கு முன்கூட்டியே ஊசி போட்டிருந்தால் வந்திராது என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

கௌரிக்கு இப்போது ஐந்து மாதம்.

நாகேந்திரத்துக்கும் பிள்ளை வேண்டும். ஆனால் கந்தோரில் கூட வேலை செய்யும் ஸ்ரீஸ்கந்தராசா சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டே ஒரு கதை சொல்லியிருந்தார். "உந்த ஊசி ஏன் சும்மா போடுறாங்கள் எண்டு நினைக்கிறீர்? பிள்ளை ஒண்டோட கருப்பையை மூடிவிடும். தமிழ்ச் சனத்துக்கெண்டு வேற மருந்து. வடிவாய் விசாரியும்." பிறகு மிளகாய்ப் பொரியலைக் கடித்தார்.

நாகேந்திரம் விசாரிக்கவில்லை. நம்பவில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். வேண்டாம் என்று கௌரிக்குச் சொன்னான். ஏன் என்று அவள் மூன்று நாள் கேட்டாள். மூன்றாம் நாள், விளக்கை அணைத்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "அப்ப மிஸ்ஸியிட்டைக் கேட்பம்" என்றாள்.

போன மாதம் அவள் தனியாகத்தான் கிளினிக்குக்கு வந்தாள். இந்த முறை, "மிஸ்ஸி உங்களையும் வரச் சொன்னவ" என்று அவனையும் கூட்டி வந்திருந்தாள்.

"கேளுங்கோவன்" என்றாள் இப்போது. "உள்ளுக்கு இருக்கிறதுக்கு ஏதும் செய்யுமோ எண்டு."

அவன் மிஸ்ஸியிடம், ஊசி நோகுமா என்று கேட்டான்.

கொஞ்சம் நோகும், எறும்பு கடித்த மாதிரி என்றாள் மிஸ்ஸி. விரலால் தன் கையில் நுள்ளிக் காட்டினாள்.

"ஒண்டும் செய்யாதாம்."

"ஏன் நுள்ளிக் காட்டினவ?"

"பிள்ளை அப்பிடி வளருமாம். நுள்ள நுள்ளச் சதை பிடிக்குமாம்."

கௌரி தலையாட்டினாள். "சரி. மற்றதையும் கேளுங்கோ. கருப்பையை மூடுமோ எண்டு."

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அடையாள அட்டை இருந்தது. பொலிஸ் பதிவு இருந்தது. சான்றிதழ் இருந்தது. அரசாங்க மிஸ்ஸி ஒருத்தியிடம், உங்கள் ஊசி எங்கள் சனத்தை அழிக்கவா என்று கேட்க அவற்றில் எதிலும் அனுமதி இல்லை. பயம் பாதிதான். மீதிப் பாதி வெட்கம். மிஸ்ஸிக்கு அவனுடைய அம்மாவின் வயது இருக்கும். காலை எட்டு மணியிலிருந்து குனிந்து குனிந்து வயிறு பார்த்து இடுப்பில் கையை ஊன்றியபடி இருந்தாள்.

கிளினிக் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டான்.

மிஸ்ஸி மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு என்றாள். மழை வந்தால் முந்தியே என்று ஜன்னலுக்கு வெளியே வானத்தைக் காட்டினாள்.

"என்னவாம்?"

"பன்னிரண்டு."

"பன்னிரண்டு என்ன?"

"பன்னிரண்டு பிள்ளையெண்டாலும் பெறலாமாம்."

கௌரி ஜன்னலைப் பார்த்தாள். "ஏன் மேலை கையைக் காட்டினவ?"

"கடவுள் விட்ட வழியாம்."

மிஸ்ஸி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவை மூடினாள். கைகளைக் கோத்து மேசையில் வைத்தாள். பிறகு நாகேந்திரத்தை மட்டும் பார்த்து, ஐயா என்ற மரியாதையோடு மெதுவாகக் கேட்டாள். மாத்தயாவுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா? எதையும் கேட்கலாம். கோபிக்க மாட்டேன்.

அவள் காத்திருந்தாள். அவசரப்படவே இல்லை.

"இல்லை" என்றான் அவன்.

"என்ன கேட்டவ?"

"எனக்கு ஒண்டும் கேக்க வேண்டாமோ எண்டு."

அன்றைக்கு அவன் சரியாகச் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

"அப்ப கேளுங்கோ" என்றாள் கௌரி. "ஸ்ரீஸ்கந்தராசா சொன்னதை அப்பிடியே கேளுங்கோ. தமிழாக்களுக்கு வேற மருந்து எண்டு..."

"மெல்லக் கதையும்!"

"ஏன் மெல்ல? ஆருக்கு விளங்கப்போகுது?"

வாங்கில் ஒருத்தி இருமினாள். நாகேந்திரத்துக்கு எல்லாருக்கும் விளங்கிவிட்டதுபோல இருந்தது. இதை முடித்துவிட வேண்டும். மிஸ்ஸியிடம் திரும்பி, ஊசியை அடுத்த மாதம் போடுவோம் என்று ஒரே மூச்சில் சொன்னான்.

வாக்குவாதம் வரும் என்று எதிர்பார்த்தான். மிஸ்ஸி தலையாட்டினாள். சரி, அடுத்த மாதம்தான் என்றாள்.

இவ்வளவு சுலபமா என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. தன் சிங்களத்தில் ஏதோ கனம் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்தான்.

"என்னவாம்?"

"மருந்து முடிஞ்சுதாம். அடுத்த மாசம்தானாம்."

கௌரி மேசையின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே நீல நிற ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. சீனியம்மா அதன் மூடியை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தப் பெட்டிக்குள்ள என்ன?"

நாகேந்திரம் பெட்டியைப் பார்த்தான். மூளையில் ஒரு சொல்லும் இல்லை. தமிழிலும் இல்லை.

"மிஸ்ஸியின்ர மீன்" என்றான்.

"மீனோ?"

"வீட்டை கொண்டு போக. வெள்ளவத்தைச் சந்தையில வாங்கினதாம்."

சீனியம்மாவுக்குப் புரையேறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் போனாள்.

கௌரி எழுந்தாள். மிஸ்ஸியைப் பார்த்துக் கைகூப்பினாள். மிஸ்ஸியும் கைகூப்பினாள். இரண்டு பேருடைய முகத்திலும் ஒரே மாதிரியான களைப்பு இருந்தது.

வெளியே வெயில். கடற்பக்கமிருந்து ரயில் சத்தம் கேட்டது. கௌரி வாசலடி மரத்துக்குக் கீழே இருந்த கல்லில் உட்கார்ந்தாள்.

"நடக்க ஏலாதோ?"

"ஏலும்."

"அப்ப வாருமன். சாவடியில சனம் கூடமுதல் போவம்."

அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளும் வயிற்றின்மேல் இருந்தன.

"அக்காவுக்குக் கேக்க ஆளே இருக்கேல்லை" என்றாள். "மிஸ்ஸியும் இல்லை, கிளினிக்கும் இல்லை. மூண்டு கட்டை தள்ளி ஒரு டொக்டர் இருந்தவராம். அவரும் வெளிக்கிட்டாராம்."

அவன் பத்திரிகையின் மடிப்பை நீவிவிட்டான்.

"எனக்கு ஆள் இருக்கு" என்றாள் கௌரி. அழாமல்தான் சொன்னாள். அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாகேந்திரம் சாவடிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு பத்திரிகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் திரும்பிப் போனான்.

மிஸ்ஸி இன்னொரு வயிற்றின்மேல் குனிந்திருந்தாள். அவன் தொண்டையைச் செருமினான். அவள் நிமிரவில்லை. அந்த வசனத்தைச் சிங்களத்தில் மனதுக்குள் கட்டிப் பார்த்தான். இரண்டு தடவை கட்டினான். இரண்டு தடவையும் அது சம்பள உயர்வு விண்ணப்பம்போல வந்தது.

சீனியம்மா தராசை மூலைக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். அவன் அவளுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றான். சுவரில் அதே பால் கொடுக்கும் தாய். இந்த முறை அவன் கண்ணை எடுக்கவில்லை.

"உங்களிட்டை ஒரு விசயம் கேக்கவேணும்" என்றான். "எனக்கில்லை. என்ர சிநேகிதர் ஒருத்தருக்கு."

"கேளுங்க ஐயா."

"இந்த ஏற்பு ஊசி போட்டால் பிறகு பிள்ளை பிறக்காதெண்டு ஒரு கதை இருக்கு. தமிழாக்களுக்கு வேற மருந்து எண்டும். உண்மையோ எண்டு மிஸ்ஸியிட்டைக் கேட்டுச் சொல்ல ஏலுமோ?" குரலைத் தாழ்த்தினான். "பிள்ளைக்கும் தாய்க்கும் ஒண்டும் நடக்கக் கூடாது. அதுக்குத்தான்."

சீனியம்மா தராசை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவனுடைய அக்குளில் இருந்த பத்திரிகையை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்த கார்ட்டைச் சுட்டிக் காட்டினாள்.

"இதையேதான் உங்க சம்சாரம் போன மாசம் என்னைய வச்சு மிஸ்ஸிகிட்ட கேட்டாங்க, அன்னைக்கே மொத ஊசியும் போட்டுக்கிட்டாங்க, ரெண்டாவது அடுத்த மாசம்தான், அந்தக் கார்ட்டுலயே சிங்களத்துல எழுதியிருக்கு, இன்னைக்கு ஐயா தன் பயத்தைத் தானே கேட்டுத் தீத்துக்கட்டும்னு நாங்க மூணு பொம்பளைங்களும் உங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தா, நீங்க மீனுன்னு சொல்லிட்டீங்க."