எடை கூடிய துணியும் ஏழு லெட்யூஸும்

எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவர்கள் தப்பு செய்ய மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. செய்வோம். வரிசை எண் போட்டுச் செய்வோம்.

டெக்ஸ்டைல் படிப்பை முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் துணி சோதிக்கும் லேபில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம். அந்த நேரம் பார்த்து, குன்னூரில் இருக்கும் ஹாஸ்டல் தோழி ஷெரின், ஜன்னலோரத் தொட்டியில் லெட்யூஸ் வளர்த்துப் படம் அனுப்பினாள். (பர்கருக்குள் இருக்குமே, தண்ணீரை மடித்து இலையாக்கியது போல ஒன்று. அதுதான்.)

"எப்படிடி வளர்த்தே?"

"வெதையத் தூவினேன். வந்துருச்சு."

இதை ஒரு செயல்முறை என்று எந்தப் பொறியாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் அட்டவணை போட்டு ஆரம்பித்தேன். எங்கள் மொட்டை மாடி வெயிலில் விதை முளைக்கவே மறுத்துவிட்டது. ஃப்ரிட்ஜுக்குள் ஈரத் துணியில் முளைக்க வைத்து மாடிக்குக் கொண்டு போனேன். இரண்டு நாளில் கருகியது. பச்சை வலை கட்டினேன். செடி இலை விடுவதற்குப் பதிலாக ஒல்லியாக நீண்டு பூக்கத் தயாரானது. அம்மா ஓர் இலையைக் கடித்துவிட்டு, "இது எந்த நோவுக்கு மருந்து, கண்ணு?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் குன்னூர் இல்லை. ஆனால் லேபில் இருந்தது.

துணியின் எடையைப் பார்ப்பதற்கு முன் சாம்பிளைச் சில மணி நேரம் ஒரு தனி அறையில் தொங்கவிடுவோம். வருடம் முழுக்க இருபது டிகிரி, ஒரே அளவு ஈரப்பதம். பருத்தி காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடை கூடிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. (கல்லூரியில் இந்தப் பாடத்தில் நான் முதல் மதிப்பெண். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) சாம்பிள் ரேக்குக்கு அடியில், அட்டைப் பெட்டிக்குப் பின்னால் லெட்யூஸ் தட்டை வைத்தேன். தினமும் மூன்று வேளை ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் அடித்தேன். ஏழு செடிகள் வந்தன.

அந்த வாரத்திலிருந்து துணி கனக்க ஆரம்பித்தது. சதுர மீட்டருக்கு நூற்றெண்பது கிராம் (எங்கள் பாஷையில் ஜிஎஸ்எம்) இருக்க வேண்டிய துணி, நூற்றெண்பத்தாறு காட்டியது. சந்தேகப்பட்டு இன்னும் இரண்டு மணி நேரம் தொங்கவிட்டேன். நூற்றெண்பத்தெட்டு. என் லேபில் லெட்யூஸைவிடத் துணி வேகமாக வளர்ந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்த மேனேஜர், துணியை அழுத்திப் பதப்படுத்தும் காம்பாக்டர் மெஷினை ஓட்டும் துரைசாமி மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார். "மெஷினப் பாக்கறீங்களா, போனப் பாக்கறீங்களா?"

மாஸ்டர் நேராக என்னிடம் வந்தார். "தொட்டாலே எனக்குத் தெரியுமுங்க அம்மணி. துணி செரியாத்தானுங்க இருக்குது."

"தராசு பொய் சொல்லாதுங்க மாஸ்டர்" என்றேன். (எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.)

பாவம், அவர் மெஷினை மாற்றி வைத்து எடையைக் குறைத்தார். என் லேபில் நூற்றெண்பது வந்தது. வாங்குகிறவர்களின் லேபில் நூற்று எழுபத்து மூன்று. அனுப்ப வேண்டிய துணி லாட் முழுவதும் நின்றுவிட்டது.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல காரணம் என் டேபிள்ல இருக்கோணும். இல்லீன்னா உங்க ரெண்டு பேத்துல ஒருத்தர் இருக்க மாட்டீங்க."

பதினான்கு காரணங்கள் எழுதினேன். தராசு, சாம்பிள் வெட்டும் கட்டர், பிளேடு, வோல்டேஜ், நூல், சாயம், என் கண். ஒவ்வொன்றாகச் சோதித்து டிக் போட்டேன். எல்லாம் சரி. ஈரப்பத மீட்டர்கூட எதிர்ச்சுவரில் ஏசிக்குக் கீழே நின்று, எந்தக் குறையும் இல்லை என்றது. எல்லாம் சரியாக இருந்தும் எப்படித் தப்பாகும்?

மறுநாள் காலை மாஸ்டர் அந்த அறைக்குள் வந்து மூக்கை உறிஞ்சினார்.

"ஏனுங்க அம்மணி, மழை பேஞ்ச மாதிரி வாசம் வருதுங்களே?"

தொங்கிய சாம்பிள் ஒன்றைத் தடவினார். குனிந்தார். அட்டைப் பெட்டியை நகர்த்தினார். வெகு நேரம் நிமிரவில்லை.

"கீரைங்களா?"

"லெட்யூஸுங்க."

"உங்க லிஸ்ட்டுல இது எத்தனாவது நம்பருங்க?"

"பதினஞ்சுங்க" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. "நான் பாக்கலீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். தட்டைக் குப்பையில் கொட்டியிருந்தால் என் வேலை தப்பியிருக்கும், அவருடையது போயிருக்கும். காரணம் மேசையில் இருக்க வேண்டும் என்றாரே மேனேஜர்? ஏழு செடிகளோடு தட்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி செடியைப் பார்த்தார். "இதுக்கு என்னங்க ஜிஎஸ்எம்?" என்று மட்டும் கேட்டார்.

மாஸ்டர் துணியை மறுபடி மெஷினில் ஏற்றிச் சரி செய்தார். லாட் போய்ச் சேர்ந்தது. என் நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப் போனது. லேபில் தினமும் நிரப்பும் படிவத்தில் புதிதாக முதல் வரி வந்தது: "அறையில் உயிருள்ளது எதுவும் இல்லை." கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். இன்றும் போடுகிறேன்.

வீட்டில் அம்மாவுக்கு இது வேறு விதத்தில் பயன்படுகிறது. எடை மெஷினில் ஏறி முள் போன மாதத்தைத் தாண்டி நின்றதும், இறங்காமலேயே என்னைக் கூப்பிடுவார்.

"கண்ணு, கட்டிலுக்கடியில கீரை ஏதாச்சும் வெச்சிருக்கிறயா, பாரு."