கீபோர்ட் பைக்குள் ஒரு துவக்கு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. வெடிச் சத்தம் கேட்டால் முதலில் குனிவேன், பிறகுதான் அது தீபாவளியா என்று யோசிப்பேன். (லண்டனில் நவம்பர் மாதம் முழுக்க நான் பாதி உயரத்தில்தான் நடமாடுவேன்.) யாழ்ப்பாணத்தில் பிறந்து, துவக்கு (துப்பாக்கியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) வைத்திருந்த எல்லாத் தரப்பினரிடமிருந்தும் தப்பி ஓடி, கடைசியில் ஈஸ்ட் ஹாமில் வந்து மூச்சு வாங்கியவன். அப்படிப்பட்ட நான், நாற்பத்து மூன்றாவது வயதில், சொந்தக் காசைக் கொடுத்து ஒரு துவக்கு வாங்கினேன்.

காரணம் என் மகள் அபிரா. பதினாறு வயது. சிநேகிதி ஒருத்தியோடு சும்மா பார்க்கப் போகிறேன் என்று குறிசுடும் கழகம் ஒன்றுக்குப் போனவள், மூன்று மாதத்தில் அங்கே எல்லோரும் திரும்பிப் பார்க்கும் ஆளாகிவிட்டாள். காற்றழுத்தத் துவக்கு, பத்து மீற்றர் தூரத்தில் ஒரு காகித அட்டை, அதன் நடுவில் ஒரு புள்ளி. அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அபிரா இடது கைக்காரி. கழகத்தில் இடது கைத் துவக்கு ஒன்றுதான் இருந்தது, அதற்கு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். மாவட்ட இளையோர் அணிக்கான தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

கழகச் செயலாளர் பற்றீசியா, ஓய்வு பெற்ற நேர்ஸ். ஏதாவது தேவையென்றால் கேளுங்கள் என்று ஒவ்வொரு கிழமையும் சொல்வார். நான் கேட்கவில்லை. கேட்டால், பிள்ளைக்கு ஒரு சாமான் வாங்க வக்கில்லாத தகப்பன் என்று நினைத்துவிடுவார் என்று பயம். நானே கண்டுபிடித்து, வாங்கி, அபிராவின் கையில் திடீரென்று கொடுக்கவேண்டும் என்று திட்டம் போட்டேன்.

இணையத்தில் கிடைத்தது. லண்டனிலிருந்து வெகு தூரத்தில், டெவன் பக்கத்தில் ஒரு சிறு கடை. பாவித்த இடது கைத் துவக்கு, நூற்றுத் தொண்ணூறு பவுண்ட். புதிது என்றால் எழுநூறுக்குக் குறையாது. பாய்ந்து காசைக் கட்டினேன். மறுநாள் கடைக்காரர் ரெலிபோன் எடுத்தார். நான் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய ஊர் ஆங்கிலம் எனக்குப் பாதி விளங்கியது. கடைசியாகச் சொன்னது மட்டும் முழுதாக விளங்கியது: துவக்கை வீட்டுக்கு அனுப்ப ஏலாது.

இந்த நாட்டில் அந்த வகைத் துவக்குக்கு அனுமதிப் பத்திரம் தேவையில்லை. ஆனால் விற்கிற கடைக்காரர் ஆளைப் பார்த்து, நேருக்கு நேர்தான் கொடுக்கவேண்டும். தூரத்துக் கடையில் வாங்கினால், அவர்கள் அதை நம் பக்கத்திலுள்ள பதிவு பெற்ற துவக்குக் கடை ஒன்றுக்கு அனுப்புவார்கள். அந்தக் கடைக்காரர் நம்மைப் பார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து, கொப்பியில் எழுதி, கையில் தருவார். அதற்கு ஒரு கைமாற்றுக் கட்டணம்.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அது அவரவர் விருப்பம்" என்றார்.

அன்று பின்னேரம் வேறு வழியில்லாமல் மனைவி மாலினியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, சிட்டிசன்சிப்புக்குப் போட்டு எத்தினை மாசம்?"

"நாலு."

"நன்னடத்தை பாக்கிற நேரத்திலையே உங்களுக்குத் துவக்கு?"

"இது சட்டப்படி விளையாட்டுச் சாமான் மாலினி. நீர் பயப்படாதையும்."

"நான் பயப்பிடேல்லை. உங்கடை கைதான் நடுங்குது."

உண்மைதான்.

அப்போது நான் கவுன்சிலில் வாகனத் தரிப்பிட அனுமதிப் பிரிவில் வேலை. (ஊராரிடம் கட்டணம் வாங்குவதே என் உத்தியோகம். என்னிடம் ஒருவர் கட்டணம் கேட்கப்போகிறார் என்றதும் என்ன கொதிப்பு!) முப்பது பேர் ஒன்றாக இருக்கும் மண்டபம். அங்கே இருந்துகொண்டு துவக்குக் கடைக்கு எப்படிக் கதைப்பது? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்தச் சொல்லையே வாயில் எடுக்காமல் கதைப்பது. எசெக்ஸ் பக்கமிருந்த முதல் கடைக்கு ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னேன்:

"டெவனிலிருந்து எனக்கு ஒரு ஐற்றம் வரவிருக்கிறது. நீங்கள் பெற்றுத் தருவீர்களா?"

"என்ன ஐற்றம்?"

சுற்றுமுற்றும் பார்த்தேன். "நீளமானது."

"எவ்வளவு நீளம்?"

"உங்கள் கடையில் வழக்கமாக இருக்கிற அளவு நீளம்."

மறுமுனையில் அந்த மனிதர் மிக நிதானமாகக் கேட்டார்: "உங்கள் பெயர் என்ன?"

நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

அதன் பிறகுதான் என் இலக்கம் அவருடைய ரெலிபோனில் பதிந்திருக்கும் என்பது உறைத்தது. பதில் சொல்லியிருந்தால் நான் ஒரு சாதாரண வாடிக்கையாளன். துண்டித்ததால் யார்? அடுத்த இரண்டு நாளும் தெரியாத இலக்கம் எதையும் எடுக்கவில்லை. வாசலில் கடிதம் விழும் சத்தம் கேட்டால், சிட்டிசன்சிப்பை மறுத்து எழுதியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அது பெரும்பாலும் பீட்சா விளம்பரம்.

மூன்றாம் நாள் கட்டடத்துக்கு வெளியே, குப்பைத் தொட்டிகள் வைக்கும் மூலைக்குப் போய் மற்றக் கடைகளை அழைத்தேன். ஒருவர் நாற்பத்தைந்து பவுண்ட் என்றார். செவ்வாய்க்கிழமை பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள்தான் வரவேண்டும், பிந்தினால் வைத்திருக்கும் கூலி வேறு. இன்னொருவர், "இதே துவக்கை நானும் விற்கிறேனே, என்னிடம் வாங்கியிருக்கலாமே" என்று மனம் நொந்து கதைத்துவிட்டு, அறுபது கேட்டார். (பதினைந்து அவருடைய மனவருத்தத்துக்காக இருக்கும்.) கடைசியாக ஹவுன்ஸ்லோவுக்கு அப்பால் ஒரு கடைக்காரர் இருபத்தைந்து என்றார். எனக்குப் பெரிய வெற்றி. இருபது பவுண்ட் மிச்சம்! அதற்காக ஒரு நாள் லீவு போட்டு, நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், கையில் துவக்கோடு திரும்பி வரவேண்டும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. டெவன்காரர் அனுப்பும் கூலி என்று முப்பது பவுண்ட் கேட்டதையும் மாலினிக்குச் சொல்லவில்லை.

ஹவுன்ஸ்லோக் கடைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்த ஒரு சாந்தமான வெள்ளைக்காரர். அடையாள அட்டையைப் பார்த்தார், கொப்பியில் எழுதினார், கையெழுத்து வாங்கினார். பெட்டியை என் பக்கம் தள்ளி, "திறந்து பார்க்கிறீர்களா?" என்றார்.

"வேண்டாம், வேண்டாம்."

"கொண்டுபோகப் பை ஒன்று இருபது பவுண்டுக்கு இருக்கிறது."

"நான் கொண்டுவந்திருக்கிறேன்" என்று, அபிரா எட்டு மாதம் படித்துவிட்டுக் கைவிட்ட கீபோர்டின் பையை எடுத்து வைத்தேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துவக்கைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துத் தந்தார். "வழியில் திறக்காதீர்கள், நேரே வீட்டுக்குப் போங்கள்" என்றார். அவர் எல்லோருக்கும் சொல்கிற புத்திமதிதான். எனக்கு அது நீதிபதி சொன்ன மாதிரி இருந்தது.

ஹமர்ஸ்மித் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. அங்கே ரயில் மாறி, பையை முழங்கால்களுக்கிடையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏர்ள்ஸ் கோர்ட்டில் கதவு திறந்தது. ஞானம் அன்ரி ஏறினார். ஆர்ச்வே முருகன் கோயிலில் எங்களை எப்போது கண்டாலும் கையைப் பிடித்து அரை மணித்தியாலம் கதைக்கிறவர். நான் தலையைக் கவிழ்ப்பதற்குள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தம்பி, வேலை நாளிலை இஞ்சாலை? இது என்ன, கீபோர்ட்டோ?"

"ஓம் அன்ரி."

"ஆர் வாசிக்கிறது?"

அபிரா என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் வாய் முந்திவிட்டது. "நான்தான்."

"அட! சொல்லவேயில்லை! எங்கை, ஒருக்காத் திறந்து காட்டுங்கோ. என்ரை பேரனுக்கும் ஒண்டு வாங்க வேணும், எந்தச் சைஸ் எண்டு தெரியேல்லை."

"ஏலாது அன்ரி. பையின்ரை சிப் இறுகிப் போச்சு."

"நான் இழுத்துப் பாக்கிறன்" என்று கையை நீட்டினார். நான் பையை மறுபக்கம் திருப்பினேன். அவர் எட்டிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து, வெஸ்ட்மினிஸ்டரில் இரண்டு பொலிஸ்காரர்கள் ஏறி எங்களுக்கு முன்னால் நின்றார்கள்.

நான் ஒரு பிழையும் செய்யவில்லை, பற்றுச்சீட்டுச் சட்டைப் பையில் இருக்கிறது, கடைக்காரரின் முத்திரை இருக்கிறது. எல்லாம் தெரியும். தெரிந்தும் பையை என் பக்கம் இன்னும் பலமாக இழுத்தேன். அன்ரி பையை விடவில்லை. நாங்கள் இழுபறிப்படுவதைப் பார்த்த இளம் பொலிஸ்காரர் சிரித்தபடி, "எல்லாம் சரியா?" என்று கேட்டார்.

அன்ரி பெருமையோடு ஆங்கிலத்தில் அறிவித்தார்: "ஹீ இஸ் மியூசிசன்!"

ரயில் பெட்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அப்படியா? என்ன வாசிப்பீர்கள்?" என்றார் பொலிஸ்காரர்.

"கீபோர்ட்" என்றேன். அது போதாது என்று தோன்றியது. "பக்திப் பாடல்கள் மட்டும்."

"மிக நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் மற்றவரோடு கதைக்கத் திரும்பினார். இரண்டு தரிப்பிடம் தள்ளி இருவரும் இறங்கிப் போனார்கள். சட்டப்படி சுத்தமாக இருந்த ஒரு மனிதன், தேவையே இல்லாமல் பொலிஸுக்குப் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்ரியோ, அடுத்த வெள்ளிக்கிழமை தன் வீட்டுப் பூசைக்கு நான் வாசிக்கவேண்டும் என்று நாள் குறித்துவிட்டார். (கை சுளுக்கு என்று மாலினி சொல்லிச் சமாளித்தாள். அந்தச் சுளுக்கு இன்றுவரை எனக்கு மாறவில்லை.)

வீட்டுக்கு வந்து பையை மேசையில் வைத்தேன். அபிரா பள்ளிக்கூடச் சீருடையோடேயே ஓடிவந்து திறந்தாள். துணியை விலக்கினாள். தூக்கித் தோளில் வைத்தாள். பிறகு மெல்லக் கீழே வைத்தாள்.

"அப்பா... இது ரைட் ஹாண்ட்."

"என்ன?"

"கன்னம் வைக்கிற இடம் மற்றப் பக்கம் இருக்கு. இது எனக்குச் சரிவராது அப்பா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். "தாங்க்ஸ் அப்பா, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கொதித்துப்போய் டெவன்காரரை அழைத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "என்னிடம் ஒரே மாதிரி இரண்டு இருந்தன. அதனால்தான் உங்களை அழைத்து லெஃப்ட் ஹாண்டா, ரைட் ஹாண்டா என்று கேட்டேன். நீங்கள் 'ரைட், ரைட், ரைட்' என்றீர்கள். மூன்று முறை சொன்னதால் நன்றாகத் தெரிந்துதான் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்."

பஸ்ஸுக்குள், விளங்காத ஆங்கிலத்துக்கெல்லாம் தலையாட்டி, 'சரி' என்ற அர்த்தத்தில் நான் சொன்ன பதில்! மாலினி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கும் நிலையில் இல்லை. மாற்றித் தருவதற்கு டெவன்காரருக்குச் சம்மதம்தான். ஆனால் இதைத் திருப்பி அனுப்ப ஹவுன்ஸ்லோக் கடைக்காரர் முப்பத்தைந்து, மற்றதைப் பெற்றுத் தர இன்னொரு இருபத்தைந்து, போகவர அனுப்புங்கூலி வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பையோடு நான் மறுபடியும் ரயிலில் போகவேண்டும். டெவன்காரர் மற்றத் துவக்கை இலவசமாகத் தந்திருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன்.

அந்த ஞாயிறு, வேறு வழியின்றிப் பற்றீசியாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏன் என்னைக் கேட்கவில்லை? நம் கழகத்திலேயே பதிவு பெற்ற கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். உறுப்பினர்களுக்குக் கைமாற்றிக் கொடுக்க அவர் ஒரு பெட்டி பிஸ்கட்தான் வாங்குவார். இளையவர்களுக்கு இரவல் கொடுக்கப் பக்கத்துக் கழகத்தில் இடது கைத் துவக்கும் இருக்கிறது."

மூன்றே நாளில் அந்த இரவல் துவக்கு வந்தது. ஒரு பென்னி செலவில்லை. அபிரா அதைக் கொண்டு தேர்வுக்குப் போய், அணியில் மேலதிக வீராங்கனையாக இடம் பிடித்தாள். அடுத்த மாதம் சிட்டிசன்சிப் கடிதமும் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது என்று இருந்ததை நான் நான்கு முறை படித்தேன்.

மிஞ்சியது அந்தத் துவக்குத்தான். அலுமாரிக்குள் பூட்டி வைத்தோம். அதைக் கடந்து போகும்போதெல்லாம் மாலினி எனக்குக் கேட்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விடுவாள். ஒரு நாள் பற்றீசியா கேட்டார், "நீங்கள் வலது கைக்காரர்தானே?"

அப்படித்தான் நான் சுடப் பழகப் போனேன். பக்கத்து இடத்தில் அபிரா. அவள் ஐந்து குண்டு சுட்டு, தொலைநோக்கியால் பார்த்துப் புள்ளிகளைக் குறித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். நான் தூக்கினேன். மூச்சை அடக்கி, கண்கள் இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு, முதல் குண்டைச் சுட்டேன். என் அட்டையைப் பார்த்தால் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

அபிரா திரும்பவும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். அவளுடைய ஐந்து ஓட்டைகளும் நடுவைச் சுற்றி நெருக்கமாக இருந்தன. இப்போது ஆறாவது ஒன்று. நட்டநடுவில்.

அந்த அட்டை எட்டு வருடமாக எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. பால் எடுக்கப் போகிற விருந்தாளி ஒவ்வொருவரையும் அபிரா மறித்து, விரலால் தொட்டுக் காட்டுவாள்.

"இந்த நடு ஓட்டை அப்பா சுட்டது. ஆனா அவர் குறி வைச்சது இதுக்கில்லை, பக்கத்திலை இருந்த தன்ரை அட்டைக்கு."