ஆரஞ்சின் பூர்வீகம்

ஆறுதல் சொல்வதற்குப் படிப்பு வேண்டியதில்லை. படித்திருந்தால் ஆபத்து. அனுபவத்தில் சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணமான புதிது. பேத்துப்பாறையில் என் கணவரின் தாய்மாமாவுக்கு இருந்த ஆரஞ்சுத் தோட்டத்தில் நோய் விழுந்து, மொத்த மரங்களையும் வெட்டிவிட்டார்கள். அடுத்த மாதம் நாத்தனாருக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண்ணை மணையில் உட்காரவைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அவரோ, "எழவு விழுந்த வீட்டுக்காரன் சபைக்கு வரக்கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சமாதானம் பேச மாமியார் எங்கள் இருவரையும் அனுப்பினார். (மருமகள் இங்கிலீஷ் எம்.ஏ., நன்றாகப் பேசுவாள் என்று நம்பினார், பாவம்.)

வெறுங்கையோடு போகக்கூடாதே என்று வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது பழம் வாங்கினேன். கணவர் சீட்டுப் பிடிக்க ஓடியிருந்தார். முடியாதவர்களைப் பார்க்க எங்கள் கன்னிவாடியில் எதை வாங்குவோமோ, கை தன்னால் அதற்குப் போனது. ஆமாம், ஆரஞ்சுதான்.

மாமா வீட்டில் பையைத் திறந்ததும் அவர் மனைவி, அத்தை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"எந்த ஊருப் பழம்மா?"

"நாக்பூருங்க மாமா."

அத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று ஆரம்பித்தேன்.

"ஆரஞ்சுங்கிற பேரே நம்மளதுதான் மாமா. நம்ம நாரத்தங்காய்க்குச் சொந்தம். சமஸ்கிருதத்துல நாரங்கம், பாரசீகத்துல நாரங், அரபியில நாரஞ்ச். ஐரோப்பாவுக்குப் போற வழியில முன்னாடி இருந்த 'ந'வைத் தொலைச்சிட்டு, இங்கிலீஷ்ல ஆரஞ்சாயிருச்சு!"

கணவர் என் காலை மிதித்தார். (பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.)

"மரம் போனா என்ன மாமா, பேரு உலகம் பூராம் வாழுதுல்ல!"

மாமா பழத்தைக் கீழே வைத்தார். "பேராவது நல்லா இருக்கட்டும்மா" என்று எழுந்து, வெட்டிப்போட்ட மரங்கள் கிடந்த பக்கம் போனார். அவர் அழுதது வீட்டுக்குள் கேட்டது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மாலை கொடுக்க, நாத்தனார் அழுதுகொண்டே மணையேறினாள். அதன்பிறகு எந்தச் சாவுக்குக் கிளம்பினாலும் மாமியார், "இவளக் கூட்டிட்டுப் போகாதீகப்பா, பாடைக்கு எப்படிப் பேரு வந்துச்சுன்னு ஆரம்பிச்சிருவா" என்பார். வீடே சிரிக்கும்.

போன வருடம் மாமா இறந்துபோனார். வாயை இறுக மூடிக்கொண்டு அத்தையின் அருகில் உட்கார்ந்தேன். அழுது ஓய்ந்த அத்தை என் கையைப் பிடித்தார்.

"ஏத்தா, என்ன சும்மா உக்காந்திருக்க? ஏதாச்சும் சொல்லு. ஒன் ஆரஞ்சுக் கதையச் சொல்லிச் சொல்லித்தேன் அந்த மனுசன் மறுபடி சிரிக்கவே ஆரம்பிச்சாரு."